முதிர்ந்த காருக்கு உயவு நெய்

'உயவு' என்னும் சொல்லுக்கு வருத்தம் என்பது பொருள். சங்கச் செய்யுள் பயில்வோர் இதனை நன்கறிவர். 'உயவு நெய்' என்று அதனோடு ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், வண்டியின் அச்சுக்கு இடும் எண்ணெய் என்று அகராதி பொருள் கூறுகிறது. வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பர். இருபது ஆண்டைக் கடந்த கார் ஒன்றை வைத்துக்கொண்டு காலந்தள்ளுவோர் சிரிக்கமாட்டார்கள். அவர்களுக்கு வருத்தமும் எண்ணெயும் ஒரே சொல்லில் அடங்குவது இயல்பாகவே தோன்றும்.

நம்மிடம் உள்ளது 2003-ஆம் ஆண்டின் மிட்சுபிசி லான்சர், பெட்ரோல் வண்டி. திருவள்ளூர்க்காரர்கள் இவ்வண்டியை அயல்நாட்டு வண்டி என்று எண்ணுவதில்லை. நம் ஊர் வண்டி என்றே சொல்வர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிசியோடு கைகோத்து, திருவள்ளூரை அடுத்த தன் தொழிற்சாலையிலிருந்து 1998-இல் லான்சரை வெளிக்கொணர்ந்தது. அம்பாசிடர் உருவான இடம் வங்காளத்தின் உத்தரபாரா. லான்சரோ நம் மாவட்டத்து மண்ணில் பிறந்தது. இன்று அந்த வரிசை நின்று ஆண்டுகள் பலவாயின. உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடரும் நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்னும் பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்தாரிடம் கைமாறியது. அவர்களோடு பிர்லா குழுமம் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே, 2021 முதல் திருவள்ளூர் ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. ஆலை இருக்கிறது, ஆனால் நம் வண்டியைப் பற்றி அங்கே கேட்பதற்கு ஒருவரும் இலர்.

ஆகவே 'இந்த வண்டிக்கு எந்த எண்ணெய்?' என்னும் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதே முதற்சிக்கலாயிற்று.

வண்டிக்கு நாள்தோறும் வேலை உண்டு. திருவள்ளூரிலிருந்து தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலை, பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் உள்ள கல்லூரிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாலையில் மீண்டும் அதே தொலைவு. நம்மோடு உடன் பணியாற்றும் இருவர் இடைவழியில் ஏறிக்கொள்வர். அண்மைக் காலமாகக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் புகைபோக்கியிலிருந்து நீலப்புகை வரத் தொடங்கியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லி எண்ணெய் குறைந்தது.

வண்டியை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு. அளவுகோலை உருவித் துணியில் துடைத்தபடியே அவர் சொன்னார்: "சார், வண்டி ஆயில் குடிக்குது. வயசாயிடுச்சில்ல? இனிமே இருபதுக்கு அம்பது ஊத்துங்க. கெட்டியா இருந்தாத்தான் நிக்கும்." அதே வாரம் உதிரிபாகக் கடையில் இருந்த இளைஞர் வேறொன்று சொன்னார்: "அண்ணே, இப்பல்லாம் ஃபுல் சிந்தெட்டிக் தாண்ணே. அஞ்சுக்கு முப்பது போடுங்க. வண்டி பறக்கும்." ஒருவர் கெட்டி எண்ணெயை மருந்தென்றார், மற்றவர் நீர்த்த எண்ணெயை அமுதென்றார். இருவருமே நம் நலம் நாடிச் சொன்னவர்கள்தாம்.

இவ்விடத்தில் அந்த எண்களின் பொருளைச் சற்றே விளக்க வேண்டியுள்ளது. டப்பாவில் '15டபிள்யூ-40' என்றிருந்தால், பலரும் அதனை ஏதோ ஒரு விகிதம் என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அவை தனித்தனியான இரண்டு தேர்வுகளில் அந்த எண்ணெய் பெற்ற தகுதிகள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 15டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியசில் சோதித்து, எஞ்சினைச் சுழற்ற இயலுமளவு இளகியிருக்கிறதா என்று பார்ப்பர். 20டபிள்யூ எண்ணெய்க்கு அச்சோதனை சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியில். 5டபிள்யூ எண்ணெய்க்குக் கீழே 30 டிகிரியில். திருவள்ளூரின் மார்கழி விடியல் எவ்வளவு குளிர்ந்தாலும் சுழியத்தின் அருகே வருவதில்லை. எனவே முதல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர், பெய்யாத பனிக்குக் குடை வாங்குபவரே.

இரண்டாம் எண் நமக்கு வேண்டியது. அது 100 டிகிரி வெப்பத்தில், அதாவது ஓடிச் சூடேறிய எஞ்சினுள், எண்ணெயின் பிசுப்பு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்; 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. தாங்கிகளுக்கிடையே எண்ணெய் மிகுந்த வெப்பத்தில் நசுங்கும்போதும் அதன் படலம் அறுந்துவிடக் கூடாதல்லவா? அதற்கென 150 டிகிரியில் மற்றொரு சோதனையும் உண்டு. அதில் 30-க்குக் குறைந்த அளவு 2.9 என்றும், 15டபிள்யூ-40-க்கு 3.7 என்றும் வகுத்துள்ளனர். இதில் ஒரு வியப்பு: 20டபிள்யூ-50-க்கும் அதே 3.7 தான் குறைந்த அளவு. ஆக, 30-இலிருந்து 40-க்குப் போகும்போது விதி உறுதிசெய்யும் காப்பு நன்றாகவே கூடுகிறது. 40-இலிருந்து 50-க்குப் போகும்போது விதியளவில் அது கூடுவதில்லை. தடிமன் மட்டுமே கூடுகிறது.

வண்டியோடு வந்த கைந்நூலைத் தேடி எடுத்தோம். அட்டை கிழிந்திருந்தது, உள்ளே தாள்கள் நலமாக இருந்தன. ஒரேயொரு எண்ணெயைத்தான் இட வேண்டும் என்று அந்நூல் கூறவில்லை. வெளி வெப்பநிலையைக் கோடாகக் காட்டி, எந்தெந்த அளவுக்கு எந்தெந்தத் தரம் பொருந்தும் என்று பட்டை பட்டையாக வரைந்திருந்தனர். நம் ஊரின் வெப்பத்துக்கு அதில் 40-உம் இருந்தது, 50-உம் இருந்தது. கடைக்கார இளைஞரின் அறிவுரை இத்துடன் விடைபெற்றது. எஞ்சியவை மெக்கானிக் அண்ணனின் 50-உம் நாம் இதுவரை இட்டுவந்த 40-உம்.

எண்ணெய் குறைகிறது, ஆகவே கெட்டியான எண்ணெய் என்பது நம் பட்டறைகள் எல்லாவற்றிலும் வழங்கும் மரபு. ஆனால் எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்காமல் தரத்தை மாற்றுவது, நாடி பாராமல் கஷாயம் கொடுப்பது போன்றதே. எண்ணெய் எரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்து கீழிருந்து எண்ணெய் மேலேறுவது. மற்றொன்று, வால்வுத் தண்டுகளைக் கவ்வியிருக்கும் சிறிய ரப்பர் சீல்கள் வயதால் இறுகி, மேலிருந்து எண்ணெய் கீழே சொட்டுவது. முன்னதில், வண்டி ஏற்றம் ஏறும்போதும் விசையை அழுத்தும்போதும் புகை மிகும். பின்னதில், இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பிய முதல் நிமிடத்தில் புகை வரும், அதன்பின் அடங்கிவிடும். நம் வண்டியின் புகை காலைப் புகை. பெரியபாளையம் தாண்டும்போது பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு நம் வண்டி வயதானது என்றே தெரியாது.

இதனை அண்ணனிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அப்ப பிரஷர் பாத்துடலாம் சார்" என்றார். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு உருளையிலும் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பது முதற்படி. பின்னர் உருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெயை விட்டு மீண்டும் அளப்பது இரண்டாம்படி. எண்ணெய் விட்டதும் அழுத்தம் கணிசமாக உயர்ந்தால், குறை வளையங்களில் உள்ளதென்று பொருள்; அந்த எண்ணெய் தற்காலிகமாக இடைவெளியை அடைத்துவிட்டது. உயரவில்லையென்றால் வளையங்கள் நலமாக உள்ளன. நான்கு உருளைகளிலும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது; எண்ணெய் விட்ட பின்னும் பெரிய மாற்றமில்லை.

இதில் நமக்குப் பெரும் நிம்மதி ஒன்று இருந்தது. வளையங்கள் போய்விட்டன என்றால் எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டும். பிரித்தால், இவ்வண்டிக்குப் புதிய வளையங்களையும் தாங்கிகளையும் எங்கே தேடுவது? பழைய இரும்புக் கடைகளில் வேறொரு லான்சர் உடைபடும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த எஞ்சினை மூட முடியாமல் பட்டறை மூலையில் வண்டி துருவேறி நின்ற கதைகள் நம் ஊரில் உண்டு. வால்வு சீல்களோ சிறிய பொருள்கள். அவற்றைப் பெறுவது அத்துணை அரிதன்று. ஒரு சனிக்கிழமையில் அவ்வேலை முடிந்தது. காலைப் புகை நின்றது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 400 மில்லி என்றிருந்தது 100-க்கும் கீழே வந்துவிட்டது. அதே 15டபிள்யூ-40 எண்ணெயில்தான்.

கெட்டி எண்ணெய் தவறென்று சொல்ல வரவில்லை. உருளைகள் உண்மையிலேயே தேய்ந்து, பிரித்து வேலை செய்யவும் வழியில்லாத வண்டிக்கு 20டபிள்யூ-50 சில ஆண்டுகளைக் கூட்டித் தரும். கைந்நூலும் அதனை நம் வெப்பத்துக்கு ஏற்கிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அதனை இட்டால், காலையில் கெட்டியாக இருக்கும் எண்ணெய் மேலே சுழலும் தண்டை எட்டச் சற்றுக் கூடுதல் நேரமாகும். பெட்ரோலும் சிறிது கூடுதலாகச் செலவாகும். நம் வண்டிக்கு அது தேவையில்லை என்பதே நம் முடிவு.

டப்பாவில் இன்னொரு குறியும் உண்டு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த இரண்டெழுத்து வகை அது. பெட்ரோல் வண்டிகளுக்கு 'எஸ்' என்று தொடங்கி, இரண்டாம் எழுத்து அகரவரிசையில் முன்னேறும். தொண்ணூறுகளில் எஸ்ஜி, எஸ்எச், எஸ்ஜே, 2001-இல் எஸ்எல், 2004-இல் எஸ்எம், 2010-இல் எஸ்என், 2020-இல் எஸ்பி. பின்னது முன்னதன் இடத்தில் பொருந்தும் என்பது பொதுவிதி. ஆகவே 2003-ஆம் ஆண்டு வண்டிக்கு எஸ்என் அல்லது எஸ்பி இடுவதில் தடையில்லை. 'பழைய வண்டிக்குப் பழைய தரம்' என்று எஸ்எஃப் டப்பாவைத் தேடிப் பிடிப்போரும் உளர். அது சிக்கனமும் ஆகாது, மரியாதையும் ஆகாது.

ஆனால் பொதுவிதிக்கு ஒரு புறனடை உண்டு. கல்லூரியில் ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர் இன்றும் அம்பாசிடர் ஓட்டுகிறார். 1489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சின். அது பிரித்தானியாவில் ஐம்பதுகளில் பிறந்த வடிவம். அதில் கேம் தண்டின் முனையும் தட்டையான டேப்பட்டும் ஒன்றையொன்று உரசியபடியே இயங்கும், உருளிகள் இல்லை. அந்த உரசலில் உலோகத்தைக் காப்பது எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், எஸ்எம் வகை தொட்டு 30-உம் அதற்குக் கீழும் உள்ள நீர்த்த எண்ணெய்களில் அதனை 0.08 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினர். 40, 50 ஆகிய தடித்த தரங்களை அந்த உச்சவரம்பு கட்டுப்படுத்தவில்லை. ஆகவே, புதுமையை நம்பி அம்பாசிடரில் 5டபிள்யூ-30 ஊற்றுவோர் ஒரே வீச்சில் இரண்டு காப்புகளை இழக்கின்றனர். அப்பேராசிரியருக்கு இந்த வேதியியல் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக 20டபிள்யூ-50 ஊற்றுகிறார், வண்டி ஓடுகிறது. அவர் வரையில் மெக்கானிக் மரபு சரியே.

'செயற்கை எண்ணெய் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும்' என்றொரு நம்பிக்கையும் நிலவுகிறது. இதில் பாதி உண்மை. நிலத்தடி எண்ணெயைக் கரைப்பானால் தூய்மைசெய்து எடுக்கும் அடிப்படை எண்ணெய், ரப்பர் சீல்களைச் சற்றே ஊதச் செய்யும்; தொடக்ககாலச் செயற்கை எண்ணெய்கள் அவற்றைச் சுருங்கச் செய்தன. இன்றைய கலவைகளில் அதனை ஈடுசெய்யும் பொருள்களைச் சேர்க்கின்றனர். ஆயினும் நெடுங்காலம் கசடு படிந்து அடைபட்டிருந்த விரிசலைப் புதிய எண்ணெய் கழுவித் திறந்துவிடுவதுண்டு. அப்போது பழி எண்ணெய்மேல் விழுகிறது. கழுவப்பட்ட கசடு எண்ணெய்த் தொட்டியின் வலையை அடைத்துக்கொண்டால் அது ஒழுக்கைவிடக் கொடிது. எனவே 'ஃபிளஷ்' என்று ஒரு புட்டியை ஊற்றி எஞ்சினை ஒரே நாளில் குளிப்பாட்டுவதை விட, சாதாரண எண்ணெயையே விரைந்து விரைந்து மாற்றுவது முதிர்ந்த எஞ்சினுக்கு நல்லது.

அந்த அடிப்படை எண்ணெய் பிறக்கும் இடங்களுள் ஒன்றும் நம் பக்கத்திலேயே உள்ளது. மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய மதராஸ் சுத்திகரிப்பு ஆலை, இன்றைய சென்னைப் பெட்ரோலியக் கழகம், பெட்ரோல் டீசலோடு உயவு எண்ணெய்களுக்கான மூலப்பொருளையும் தருகிறது. எண்ணெயிலிருந்து மெழுகை நீக்க வேண்டும். நீக்கிய மெழுகு தனிச் சரக்காகும். நம் முன்னோர் வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து 'வண்டி மை' என்று அச்சில் தடவினர். ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே 1909-இல் 'காஸ்ட்ரால்' என்னும் வணிகப்பெயர் பிறந்தது என்பதைக் கேட்டால், மாட்டுவண்டிக்காரத் தாத்தாக்கள் மீசையை முறுக்கியிருப்பர்.

தரத்தைவிட நம் சாலைக்கு முதன்மையானது, எப்போது மாற்றுவது என்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய சாலையில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளின் பின்னே அரைமணி நேரம் ஊர்ந்து பார்த்தவருக்குத் தெரியும், காற்று வடிகட்டி எதை வடிகட்டுகிறதென்று. அது கிழிந்திருந்தால் அந்தத் தூசு எண்ணெயில் கலந்து அரைக்கும். ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மன் கோயில் கூட்டத்தினூடே முதல் கியரில் நகரும் வண்டிக்கு மீட்டர் ஓடாது. எஞ்சின் மட்டும் வெந்துகொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கு இதனை அறியாது. ஆகவே 5000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது என்று வைத்துள்ளோம். வடிகட்டியையும் உடன் மாற்றுவோம். இந்த எஞ்சினுக்கு வேண்டியது மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான். வீண்செலவு என்று எவரும் சொல்ல முடியாது.

குறைவாக ஓடும் வண்டிக்கு வேறொரு தொல்லை. வேதியியல் துறை நண்பரின் வீடு கல்லூரிக்கு ஒரு கிலோமீட்டர்; அவர் காரின் எண்ணெய் மூடியின் உட்புறம் மோர் படிந்தாற்போல் வெளுத்திருந்தது. எஞ்சின் சூடேறுமுன்னே வீடு வந்துவிடுவதால், உள்ளே குளிர்ந்த ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு குழைந்துவிடுகிறது. குளிர்நீர் எஞ்சினுக்குள் கசிந்தாலும் இதே நிறம் வரும் என்பதால் அதனையும் பார்த்துவிட வேண்டும். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். குறுந்தொலைவு வண்டிகள் வாரம் ஒருமுறையாவது ஊத்துக்கோட்டை வரை போய்வரட்டும் என்று நண்பரிடம் சொன்னோம். பெட்ரோல் விலையை நினைவூட்டினார்.

எண்ணெயை எங்கே வாங்குவது என்பதில் நாம் பிடிவாதக்காரர். எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் நிலையத்திலோ, ரசீது தரும் கடையிலோ மட்டும். காலி டப்பாவை முழுதாக விட்டுவைப்பதில்லை. ஆணியால் துளையிட்ட பின்பே போடுவோம். நல்ல டப்பாவில் கெட்ட எண்ணெய் மறுபிறவி எடுப்பதை அது தடுக்கும். உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் சேம அச்சு கட்டிக்கொண்டு புறப்பட்டதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியிருக்கிறார். நம் வண்டியின் பின்பெட்டியில் அதே தரத்தில் ஒரு லிட்டர் டப்பா கிடக்கிறது. ஞாயிறுதோறும் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அளவுகோலை உருவிப் பார்த்து, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். உடன் வரும் இருவரும் அதற்கு 'லான்சர் நாட்குறிப்பு' என்று பெயரிட்டுவிட்டனர்.

வடித்த கரிய எண்ணெயை என்ன செய்வது? கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்பர். கரையான் வராதென்று மரத்தில் பூசுவோரும் உண்டு. இரண்டும் மழையில் கரைந்து மண்ணுக்குள்தான் போகும். தாமரைப்பாக்கத்து அணைக்கட்டைத் தாண்டி நாள்தோறும் போகிறோம். அந்தக் கொசஸ்தலை ஆற்றில் கலக்க நம் பங்கு வேண்டாம் என்பது வேதியியல் நண்பரின் கண்டிப்பு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது இடர்மிகு கழிவு; உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் எண்ணெயை விற்பவருக்கும் அதனைத் திரும்பப் பெறச் செய்யும் பொறுப்பு வந்துள்ளது. மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்கு மாதமொருமுறை உரிமம் பெற்ற வண்டி வந்து பீப்பாயை எடுத்துச் செல்கிறது. நம் மூன்று லிட்டரையும் அதில் ஊற்றும்போது அவர் கேட்டார்: "சார், அடுத்த தடவையும் பதினஞ்சுக்கு நாப்பதே தானா?" ஆமென்றோம். சுவரில் கரித்துண்டால் வண்டி எண்ணுக்கு நேரே எழுதிக்கொண்டார்.